டியூப்லைட் உபயமும் கிளையன்ட் கிஃப்ட்டும்

நம்மூர் கோயில்கள்ல டியூப்லைட் பார்த்திருப்பீங்க. நாலடி டியூப்லைட்ல மூணேமுக்கால் அடிக்கு "உபயம்: இன்னார், மனைவி இன்னார், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்"னு சிவப்பு பெயிண்ட்ல எழுதியிருக்கும். மிச்சமிருக்கிற கால் அடி வழியா கசியிற வெளிச்சத்துல நாம சாமி கும்பிட்டுக்கணும். எல்.இ.டி. வந்த பிறகு இந்தக் கூத்து கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஒழிஞ்சே போச்சுன்னு நினைச்சீங்கன்னா, சாரி. அது ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டு, கழுத்துல ஐ.டி. கார்டு தொங்கவிட்டு, இலந்தைக்குளம் பக்கம் கம்பெனிகளுக்குள்ள வந்து உட்கார்ந்தாச்சு. பேரை மட்டும் மாத்திக்கிச்சு. கார்ப்பரேட் கிஃப்ட்.

டிசம்பர் நெருங்கினா போதும், எங்க ஆபீஸ்ல ஹெச்.ஆர். பக்கம் கறுப்பு அட்டைப்பெட்டி மலை மாதிரி குவிஞ்சிடும். திறந்து பார்த்தா லோகோ போட்ட மக், லோகோ போட்ட தண்ணி பாட்டில், லோகோ போட்ட டைரி, லோகோ போட்ட பேனா. அப்புறம் நெஞ்சுல லோகோ, முதுகுல ஏதோ ஸ்லோகன்னு ஒரு டி-ஷர்ட். போதாததுக்கு லோகோ போட்ட பவர்பேங்க். மேல ஒரு வாழ்த்து அட்டை, அதுலயும் லோகோ. மக்கைத் தலைகீழாத் திருப்பினா அடியில 'மேட் இன் சைனா'. பாட்டிலும் அதே ஊரு. (டி-ஷர்ட் மட்டும் திருப்பூர். ரொம்ப சந்தோஷம்.) இதைத்தான் "மதுரையிலிருந்து ஒரு சிறு நினைவு"ன்னு சொல்லி ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிக்கிட்டு இருக்கோம். அந்தப் பெட்டிக்கும் மதுரைக்கும் உள்ள ஒரே சம்பந்தம் கூரியர் ரசீதுல இருக்கிற பின்கோடுதான்.

கொடுக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. மதுரைக்காரன் அப்படிச் சொன்னா நாக்கு அழுகிடும். மொய் எழுதி மொய் வாங்கி வளர்ந்த ஊரு இது. என் சண்டை வேற. விளம்பரத்தைப் பெட்டியில போட்டு, பரிசுன்னு பேர் வச்சு, அதையும் வாங்குறவன் தலையில செலவு வர்ற மாதிரி அனுப்புறோம். அதே சமயம் ஊருக்குள்ள பரிசாக் கொடுக்கத் தகுதியான ஒரு பொருளை, ஆர்டர் கொடுக்கிற லட்சணத்தாலயே கொன்னுக்கிட்டு இருக்கோம். இந்த ரெண்டாவதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அதுக்கு வர்றேன். முதல்ல கஸ்டம்ஸ் கதை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜெர்மனியில ஒரு கிளையன்ட் டீமுக்கு அறுபது பெட்டி போச்சு. ஃபாரத்துல "கிஃப்ட், மதிப்பு இல்லை"ன்னு எழுதி அனுப்பினாங்க. (நான் பொட்டி தட்டுறவன். இந்த முடிவெல்லாம் என் கையில இல்லை.) பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மெயில் வந்துச்சு. ஜெர்மன்காரங்களுக்கே உரிய மரியாதையோட, "உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் எங்கள் ஊழியர்களிடம் கூரியர் நிறுவனம் வரியும் கையாளும் கட்டணமும் கேட்கிறது, எங்கள் கம்ப்ளையன்ஸ் பிரிவும் இதை ஏற்க வேண்டாம் என்கிறது" அப்படின்னு. கூரியர்காரங்க கேட்டது ஒரே கேள்விதான். திருப்பி அனுப்பணுமா, அழிச்சிடணுமா? திருப்பி வரவழைக்கிற செலவு அனுப்பின செலவை விட அதிகம். அழிச்சிடுங்கன்னு சொல்லிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க மக்களே. சீனாவுல சூளையில வெந்த மக், கப்பலேறி இந்தியா வந்து, மதுரையில லோகோ குத்திக்கிட்டு, விமானமேறி ஜெர்மனி போய் அங்க குப்பையில செத்திருக்கு. இத்தனை தூரம் நான்கூட பயணம் பண்ணதில்லை.

இதுல ஜெர்மன் கஸ்டம்ஸைத் திட்டுறதுல அர்த்தமே இல்லை. ஐரோப்பிய யூனியன்ல 45 யூரோ வரைக்கும் பரிசுக்கு வரி விலக்கு இருக்கு, உண்மைதான். ஆனா அது தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்புறதுக்கு மட்டும். உங்க அத்தை உங்களுக்கு முறுக்கு அச்சு அனுப்பினா அது பரிசு. கம்பெனி அனுப்பினா சரக்கு. பிரிட்டன்லயும் இதே கதை, அங்க வரம்பு 39 பவுண்டு. பரிசுன்னு இல்லாம சாதாரணமா வர்ற சின்னப் பார்சலுக்கு ஐரோப்பாவுல 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்கையும் 2021 ஜூலை 1-லேர்ந்து எடுத்துட்டாங்க. 'இலவசம்'னு எழுதினா மதிப்பு பூஜ்யம் ஆயிடாது. காசு வாங்காம கொடுத்தாலும் பொருளுக்கு விலை உண்டு, அதை எழுதித்தான் ஆகணும். இது ஏதோ ராக்கெட் சயின்ஸ் இல்லை, அரை நாள் உட்கார்ந்து படிச்சா தெரிஞ்சிடும்.

அமெரிக்கா மட்டும் ரொம்ப நாள் சொர்க்கமா இருந்துச்சு. 2016-லேர்ந்து 800 டாலர் வரைக்கும் வரியே இல்லாம உள்ள விட்டாங்க. அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதி எல்லா நாட்டுக்கும் நிறுத்தினாங்க. வரியை யாரு வசூல் பண்றது, எப்படிக் கட்டுறதுன்னு தெரியாம நம்ம தபால் துறை ஆகஸ்ட் 25-லேர்ந்தே அமெரிக்கப் பார்சலை நிறுத்தி, அக்டோபர் 15-லதான் மறுபடி தொடங்குச்சு. அந்த ரெண்டு மாசத்துல நம்ம சனம் பேரப்புள்ளைங்களுக்குத் தீபாவளித் துணி அனுப்ப முடியாமத் தவிச்சதை நினைச்சா, கம்பெனி மக் போகலைங்கிறது எல்லாம் ஒரு துக்கமா?

நம்ம நாடு மட்டும் என்ன ஒழுங்கு? வெளிநாட்டுலேர்ந்து 5,000 ரூபாய் வரைக்கும் பரிசு வரியில்லாம வரலாம்னு இருந்ததை 2019 டிசம்பர்ல தூக்கிட்டாங்க. ராக்கி கயிறு, உயிர்காக்கும் மருந்து, இது ரெண்டுக்கும் மட்டும் விதிவிலக்கு. அதனால கிளையன்ட் பதில் மரியாதையா தொப்பி அனுப்பினா அதுக்கு நாம வரி கட்டணும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அபராதம் கட்டிக்கிற மாதிரி ஒரு நட்பு :-)

பவர்பேங்க் வைக்கிற மகாராசன் யாருன்னு தெரியலை. தனியா அனுப்புற லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தக்கூடாதுன்னு 2016 ஏப்ரல்லேர்ந்தே உலகம் பூரா விதி. பவர்பேங்கும் அந்தக் கணக்குலதான் வரும். ஒரு பவர்பேங்குக்காக மொத்தப் பெட்டியும் மாட்டும்.

இப்ப லோகோவுக்கு வர்றேன். இதுல ஒரு சுவாரஸ்யமான சமாச்சாரம் இருக்கு. அமெரிக்காவுல ஒரு கம்பெனி பிசினஸ் பரிசு கொடுத்தா, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 25 டாலர் வரைக்கும்தான் செலவுக் கணக்குல கழிக்க முடியும். 1962-ல வச்ச வரம்பு, இன்னும் அதே 25 டாலர்தான். அந்தச் சட்டத்துலயே ஒரு விலக்கு இருக்கு. 4 டாலருக்கு மேல போகாத, கம்பெனி பேரு அழியாம அச்சடிச்ச, ஒரே மாதிரி எல்லாருக்கும் வாரி இறைக்கிற பொருளா இருந்தா அதை இந்தக் கணக்குலயே சேர்க்க வேண்டாம். அதாவது பேனா, சாவிக்கொத்து வகையறா. புரியுதா? லோகோ குத்தின மலிவுப் பொருளைப் 'பரிசு'ன்னே எண்ண வேண்டாம்னு அமெரிக்க வருமானவரிச் சட்டமே அறுபது வருஷத்துக்கு முன்னாடி சொல்லிடுச்சு. நாமதான் இன்னும் அதுல ரிப்பன் கட்டிக்கிட்டு இருக்கோம்.

வாங்குறவன் நிலைமையையும் யோசிக்கணும். அமெரிக்காவுல 1977-லேர்ந்து வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம் இருக்கு, பிரிட்டன்ல 2010-ல ஒண்ணு வந்துச்சு. மக் கொடுத்தா லஞ்சம்னு எந்தச் சட்டமும் சொல்லலைதான். ஆனா அந்தப் பயத்துல பெரிய கம்பெனி எல்லாம் பரிசுக்குத் தனியா விதி போட்டு வச்சிருக்கு. வாங்குறவன் ஃபாரம் நிரப்பணும், மேனேஜர்கிட்ட சொல்லணும். நம்ம மக்குக்காக அவன் ஃபாரம் நிரப்பணுமா? அனுப்புறதுக்கு முன்னாடி "உங்க கம்பெனியில என்ன விதி?"ன்னு ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டா குறைஞ்சா போயிடுவோம்?

சரி, வயித்தெரிச்சலுக்கு வருவோம்.

மதுரைச் சுங்குடி. வெள்ளைப் பருத்தித் துணியை மடிச்சு, புள்ளி குறிச்சு, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால கிள்ளித் தூக்கி, நூலால இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போடணும். அப்படியே சாயத்துல முக்கி எடுத்துக் காயவச்சு முடிச்சை அவிழ்த்தா, நூல் சுத்தின இடத்துல சாயம் ஏறாம புள்ளி நிக்கும். மதுரைச் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையா செய்ற வேலை. பெரும்பாலும் பெண்கள், வீட்டுல உட்கார்ந்து கட்டுவாங்க. ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது, கட்டின விரலோட அழுத்தம் மாறினா புள்ளியும் மாறும். துணியில லேசா ஒரு சுருக்கம் நிக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் கைமுடிச்சா அச்சான்னு எங்க அப்பத்தா சொல்லும். 2005-ல இதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. இந்தியாவுல அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2003-லதான்னா, எவ்வளவு சீக்கிரம்னு பார்த்துக்கங்க.

குறியீடு கிடைச்சு என்ன, இன்னைக்குக் கடையில சுங்குடின்னு விக்கிறதுல பெரும்பாலானது அச்சு. மெழுகு அச்சு இருக்கு, அதுக்கும் ஒரு கைவேலை உண்டு, அதைக் குறை சொல்லலை. ஆனா கைமுடிச்சுச் சுங்குடி கேட்டா கடைக்காரரே நம்மளை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஏன் இப்படி ஆச்சுன்னு பேசும்போதெல்லாம் "இளைய தலைமுறைக்கு ஆர்வம் இல்லை"ன்னு ஒரு டயலாக் விடுவாங்க. ஆர்வமாம் ஆர்வம். கணக்குப் போட்டுப் பாருங்க.

ஒரு சின்ன ஸ்டோல். அதுல 4,000 முடிச்சுன்னு வச்சுக்குவோம். ஒரு முடிச்சுக்கு 5 செகண்டுன்னு ரொம்பத் தாராளமா வேகமாவே கணக்குப் போட்டாலும் 20,000 செகண்டு. அஞ்சரை மணி நேரம். அவிழ்க்கிறது, சாயம், துணி, அலசல் எல்லாம் தனி. இப்ப நாம ஒரு மணி நேர வேலைக்குக் கிளையன்ட்கிட்ட 20 டாலர் பில் போடுறோம்னு வச்சுக்கங்க. (இது சும்மா ஒரு நம்பர். உண்மையான ரேட்டை எழுதினா எனக்கு வேலை போயிடும்.) அதே ரேட்ல அந்த அம்மாவுக்குப் போட்டா முடிச்சுக்கு மட்டும் 110 டாலர் வரணும். நம்ம ஆளுங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு வருஷம் "லோக்கலா ஏதாவது கொடுக்கலாம்"னு யாரோ நல்ல எண்ணத்துல சொல்லப்போக, சுங்குடி ஸ்டோலுக்கு விலை கேட்டாங்க. நிபந்தனை: 200 பீஸ், பத்து நாள்ல வேணும், ஒண்ணு 250 ரூபாய்க்கு மேல போகக்கூடாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், நிறம் கம்பெனி நீலமா இருக்கணும், ஓரத்துல லோகோ வேணும்.

இந்த ஆறு நிபந்தனையையும் பூமியில கைமுடிச்சுக்காரங்க யாரும் நிறைவேத்த முடியாது. பிரின்ட் மெஷின் நிறைவேத்தும். அப்ப என்ன நடக்கும்? ஸ்கிரீன் பிரின்ட் சுங்குடிதான் வந்து இறங்கும். வந்துச்சு. பெட்டிக்குள்ள வச்ச அட்டையில மட்டும் "நூற்றாண்டுகால மதுரைக் கைவினை"ன்னு அச்சடிச்சிருந்தாங்க. அந்த அட்டையை எழுதினவனுக்கு அது பொய்னு தெரியும், அனுப்பினவங்களுக்கும் தெரியும். கலிஃபோர்னியாவுல வாங்கினவருக்கு மட்டும் தெரியாது. அவர் இனிமே வாழ்க்கை பூரா சுங்குடின்னா அந்த அச்சுத் துணின்னுதான் நினைச்சுக்கிட்டு இருப்பார். ஒரு கலையைக் கொல்றதுக்கு இதை விட சுலபமான வழி இருந்தா சொல்லுங்க.

நாம கோடு எழுதுற கம்பெனி. கிளையன்ட் "அஞ்சு மாச வேலையை அஞ்சு வாரத்துல, பாதிக் காசுக்கு முடி"ன்னு சொன்னா நமக்கு எப்படிப் பத்திக்கிட்டு வருது? கேன்டீன்ல உட்கார்ந்து எவ்வளவு புலம்புறோம்? அதே வேலையை நாம விளக்குத்தூண் பக்கம் போய் பண்ணும்போது அதுக்குப் பேரு 'வென்டார் நெகோஷியேஷன்'.

ஹெச்.ஆர். தரப்புல சொல்ற நியாயத்தையும் எழுதிடுறேன், இல்லைன்னா ஒருதலைப்பட்சம்னு திட்டுவீங்க. கைவேலைப் பொருள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒருத்தருக்கு நல்லது போய் இன்னொருத்தருக்குச் சுமாரானது போனா மனஸ்தாபம் வரும்னாங்க. ஒரே மாதிரி இல்லாததுதானே கையால செஞ்சதுக்குச் சாட்சி! அதை அட்டையில ரெண்டு வரி எழுதினா முடிஞ்சுது. அடுத்தது, சாயம் போகும். இது நியாயமான பயம். புதுச் சுங்குடியை முதல் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசணும்னு நம்ம வீட்டுல சொல்லித் தெரியும். ஒரு ஜெர்மன்காரர் அதைத் தன்னோட வெள்ளைச் சட்டைகளோட வாஷிங் மெஷின்ல போட்டார்னா, உறவு முடிஞ்சுது, ப்ராஜெக்டும் முடிஞ்சுது. அதனால துவைக்கிற முறையையும் எழுதி வைக்கணும். பட்ஜெட் இல்லைன்னு மூணாவதா ஒண்ணு சொன்னாங்க. இருக்கு. ஆறு பொருள் வாங்கிப் பெட்டியில அடைக்கிற காசையும், அந்த எடைக்குக் கட்டுற விமானக் கூலியையும் கூட்டிப் பாருங்க. மக், பாட்டில் எல்லாம் கனம். துணி ஒரு கவருக்குள்ள மடிஞ்சு போயிடும். உடையாது. பேட்டரி இல்லை. மரமோ விதையோ பாலோ இல்லை. வரி இருக்கும்தான், அதை நாமளே கட்டுற மாதிரி அனுப்பணும், வாங்குறவன் வாசல்ல பில் நீட்டக்கூடாது. அறுபது பேருக்கு ஆறு குப்பை அனுப்புறதுக்குப் பதிலா, ஆறு மாசம் முன்னாடியே சொல்லி, கேட்ட கூலியைக் கொடுத்து, இருபது பேருக்கு உண்மையான சுங்குடி அனுப்பலாம். மிச்ச நாப்பது பேருக்கு? ஒரு நல்ல கடிதம் போதும். ஆளுக்கு ஒண்ணு, அவங்க செஞ்ச உதவியை எழுதி. காசே வேண்டாம்.

லோகோவே கூடாதான்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். மஞ்சப்பையைப் பாருங்க சார். எந்த ஹெச்.ஆரும் இல்லாத காலத்துலேர்ந்து ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பேரு போட்டுக் கொடுத்த பை. காய்கறி, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பணம்னு எல்லாத்தையும் அது சுமந்துச்சு. 2021 டிசம்பர்ல அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு இயக்கம் ஆரம்பிச்சுது. சிங்கப்பூர்ல இருக்கிற எங்க சித்தப்பா இருபது வருஷத்துக்கு முந்தின மதுரை நகைக்கடைப் பையில பாஸ்போர்ட் வச்சிருக்கார். சிவகாசி தினக்காலண்டரும் அப்படித்தான். ராகுகாலம், ராசிபலன் பார்க்க தினமும் கிழிச்சாகணும், கடைக்காரர் பேரு தானா கண்ணுல படும். இந்த ரெண்டுலயும் பேரு இருக்கிறது யாருக்கும் உறுத்தலை, பொருளுக்கு முன்னால பேரு வந்து நிக்காததால. லோகோவை எடுத்துட்டா அந்த மக்குல என்ன மிஞ்சுது? வெள்ளை மக்.

மல்லிக்கு யாரு லோகோ போட்டா? 2013-ல மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே சிங்கப்பூர்லயும் துபாய்லயும் மோந்து பார்த்தே ஊரைச் சொல்லிடுவாங்க.

இந்த ஊர்லேர்ந்து வெளிநாட்டுக்குப் பரிசு போறது புதுசும் இல்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸுக்குப் பாண்டியன் பரிசும் தூதும் அனுப்பினதா கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வச்சிருக்கார். அது பாண்டியன் இல்லை, போரஸ்னு சிலர் சொல்றதையும் அவரே சேர்த்து எழுதியிருக்கார். டமாஸ்கஸ் ஊர்க்காரர் நிக்கோலஸ் அந்தியோக்கியாவுல நேர்ல பார்த்ததா அவர் எடுத்துச் சொல்ற இந்தியத் தூதுல (அது போரஸ் அனுப்பினது) பத்து முழப் பாம்பு, மூணு முழ ஆத்து ஆமை, கழுகை விடப் பெரிய கவுதாரி எல்லாம் போயிருக்கு. வாங்குறவன் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மறக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணி அனுப்பியிருக்காங்க போல. ஆமை முதுகுல மீன் சின்னம் குத்தி அனுப்பினதா எங்கேயும் இல்லை.

இந்த வருஷத்துப் பட்டியல் நேத்து மெயில்ல வந்துச்சு. போன தடவை வந்த கெட்ட பேரால பவர்பேங்க் போச்சு, மக் போச்சு. இந்தத் தடவை 'சுற்றுச்சூழல்' தீமாம். மூங்கில் பெட்டி, அதுக்குள்ள எழுதி முடிச்சதும் மண்ணுல நட்டா செடி முளைக்கிற விதைப் பென்சில், மேல லேசர்ல பொறிச்ச லோகோ. படிக்கும்போது எனக்கே கொஞ்சம் பிடிச்சிருந்துச்சு. எந்த கிளையன்ட்டுக்குன்னு கீழே பார்த்தேன்.

மெல்போர்ன். விதைக்கும் மூங்கிலுக்கும் உலகத்துலயே ரொம்பக் கறாரான நாடுகள்ல ஒண்ணு ஆஸ்திரேலியா. எத்தனை பெட்டின்னு கேட்டேன். நூத்தி இருபதாம், அட்வான்ஸும் கொடுத்தாச்சாம்.